பதின்மூன்று அடி வண்டியும் பயமின்றிப் பேசும் வளைவும்

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் கம்பெனி ஒன்றில் நான் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். பெயர் சௌந்திரம். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். வெளியே பெயர் சொல்வதற்கு ஒரு படிவம் இருக்கிறது. அதில் நாலு பேர் கையெழுத்துப் போட வேண்டும். நாலில் ஒருவர் லீவில் இருக்கிறார்.

எங்களிடம் முக்கியமான துறைகள் இரண்டு. வெல்டிங், பெயிண்ட். சேசிஸ் வெறும் எலும்பாக வந்து நிற்கும். வெல்டிங் அதற்கு உடம்பு கட்டும், பெயிண்ட் தோல் போர்த்தும். இந்த இரண்டு துறைக்கும் ஆறு வருஷமாகப் பேச்சு கிடையாது. காரணம் ஒரு மயில். திருச்செங்கோட்டு வண்டி ஒன்றின் பின்கதவில் பெயிண்ட் ஃபோர்மேன் சமியுல்லா மூன்று நாள் குனிந்து குனிந்து மயில் வரைந்தார். நாலாம் நாள் வெல்டிங் ஃபோர்மேன் நாச்சிமுத்து, கொக்கி ஒன்று விட்டுப்போச்சு என்று அதே கதவில் பற்றவைத்தார். பொறி பறந்து மயிலுக்கு ஒரு கண் போய்விட்டது. அன்றோடு சரி.

அதற்காக வேலை நின்றதா என்றால், இல்லை. ஸ்டோர்ஸ் ஜன்னல் எதற்கு இருக்கிறது? ஜன்னலுக்கு இடப்பக்கம் நாச்சிமுத்து நிற்பார், வலப்பக்கம் சமியுல்லா நிற்பார். நடுவில் நாலடி. உள்ளே நான்.

"ஏனுங்க அக்கா, அந்த நாப்பத்தேழாம் நம்பரு வண்டிக்குப் பக்கப்பலகை முடிஞ்சுது. பிரைமர் அடிக்கலாம்னு சொல்லீருங்க."

நான் கழுத்தை வலப்பக்கம் திருப்புவேன். "பிரைமர் அடிக்கலாமாம்."

"மழை வர்ற மாதிரி இருக்குக்கா. வண்டிய ஷெட்டுக்குள்ள தள்ளச் சொல்லுங்க."

மறுபடி இடப்பக்கம். "உள்ள தள்ளோணுமாம்."

இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கும். இருந்தாலும் நான் சொன்ன பிறகுதான் தலையை ஆட்டுவார்கள். ஆறு வருஷத்தில் எனக்குக் கழுத்துவலி வந்ததே தவிர, ஒரு வண்டிகூடத் தேதி தவறிப் போனதில்லை.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த கம்பெனியின் முதலாளி நவநீதகிருஷ்ணன், சென்ற வைகாசியில் ஏற்காட்டில் நடந்த மூன்று நாள் முகாமுக்குப் போனார். அவருக்கு வருஷத்துக்கு ஒரு முகாம். முந்தின வருஷம் போய்வந்து நாற்காலிகளை எல்லாம் எடுத்துவிட்டார், நின்றுகொண்டே கூட்டம் போட்டால் சீக்கிரம் முடியுமாம். கூட்டம் முடியவில்லை, கால்தான் வீங்கியது. அதற்கும் முந்தின வருஷம், எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், அப்போதுதான் சமத்துவம் என்றார். வாட்ச்மேன் மணியன் கேட்டைத் திறந்துவிட்டு, "வா நவநீதா" என்றார். அன்று சாயங்காலமே சமத்துவம் வாபஸ் ஆனது.

இந்த முறை அவர் கொண்டுவந்தது மனப் பாதுகாப்பு. எண்பத்தைந்து பேரையும் ஷெட்டில் நிறுத்திப் பேசினார்.

"ஒரு கம்பெனி எப்ப வளரும்? மேல இருக்கறவன் பண்ற தப்பைக் கீழ இருக்கறவன் பயமில்லாமச் சொல்றப்ப. ஒரு துறை இன்னொரு துறையோட கை கோக்கறப்ப. இப்பவே சொல்லுங்க. மனசுல இருக்கறதை யாராச்சும் ஒருத்தர் பயமில்லாமச் சொல்லுங்க பாக்கலாம்."

எண்பத்தைந்து பேரும் தரையைப் பார்த்தோம். தரை சுத்தமாக இருந்தது. கடைசியில் வெல்டிங்கில் ஒரு ஆள் முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு, "ஐயா பேசுனது ரொம்ப நல்லா இருந்துச்சுங்க" என்றார்.

முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா, ஆரம்பிச்சாச்சு" என்றார்.

மறுநாள் மனிதவள மேலாளர் சிவக்குமாரின் சுற்றறிக்கை வந்தது. சிவக்குமார் முதலாளியின் மாப்பிள்ளை. நல்ல மனிதர், எழுதாமல் இருக்கத் தெரியாது, அவ்வளவுதான். சுற்றறிக்கை சொன்னதாவது: நிறுவனத்தின் ஒவ்வோர் ஊழியரும் மாதம் ஒன்றுக்கு இரண்டு முறைக்குக் குறையாமல் பயமின்றிப் பேசியாக வேண்டும். தவறுவோர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும். குறை காண்போர் அதனை அச்சமின்மைப் படிவத்தில் மூன்று பிரதிகளில் எழுதி, குறைக்குரிய துறைத்தலைவரின் கையொப்பம் பெற்று அளிக்க வேண்டும். குறை இரு துறைகளைச் சார்ந்ததாயின், ஒத்துழைப்பைப் பேணும் பொருட்டு, இரு துறைத்தலைவர்களும் ஒரே மேஜையில் அமர்ந்து கூட்டுக் கையொப்பம் இட வேண்டும். துறைகளுக்கிடையேயான தகவல் பரிமாற்றத்தில் மூன்றாம் நபர் தலையீடு அறவே தடை செய்யப்படுகிறது.

அந்த மூன்றாம் நபர் நான்தான். மத்தியானமே இரண்டு பேர் வந்து ஸ்டோர்ஸ் ஜன்னலைப் பிளைவுட் அடித்து மூடினார்கள். பிளைவுட்டையும் ஆணியையும் நானே இஷ்யூ செய்தேன். ஆறு வருஷம் இந்தக் கம்பெனிக்காகக் கழுத்தைத் திருப்பினவளுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது. சரி, இனி என் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் கேளுங்கள் என்று இருந்துவிட்டேன்.

முதல் மாதம் எண்பத்தைந்து பேரும் தலைக்கு இரண்டு முறை பயமின்றிப் பேசினார்கள். 'கேன்டீன் டீ சூடாக இருக்கிறது, இதை நான் பயமின்றிச் சொல்கிறேன்.' 'என் மேலதிகாரி உடம்பைக் கவனிக்காமல் உழைக்கிறார், இது எனக்குப் பிடிக்கவில்லை.' இப்படி நூற்றி எழுபது. சிவக்குமார் அதை வைத்து ஒரு வரைபடம் போட்டு, நிறுவனத்தில் பயம் பூஜ்யம் சதவீதம் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்.

இந்தச் சாதனையைக் கொண்டாடத்தான் மெயின் கேட்டில் வளைவு வைத்தார்கள்.

வெல்டிங்குக்கு வந்த உத்தரவு: பதினாலு அடி உயரத்தில் வளைவு. நாச்சிமுத்து பதினாலு அடி வைத்தார், ஒரு நூல் பிசகவில்லை. பெயிண்டுக்கு வந்த உத்தரவு: ஒன்றரை அடி உயரத்தில் பெயர்ப்பலகை. சமியுல்லா 'இங்கே அனைவரும் பயமின்றிப் பேசலாம்' என்று அழகாக எழுதினார், அதுவும் ஒன்றரை அடிதான். பலகை வளைவின் மேலே உட்காரும் என்று வெல்டிங் நினைத்துக்கொண்டது. கீழே தொங்கும் என்று பெயிண்ட் நினைத்துக்கொண்டது. பழைய மாதிரி இருந்தால் நான் ஒரு முறை கழுத்தைத் திருப்பியிருப்பேன், முடிந்திருக்கும். பலகை கீழே தொங்கியது. அடியில் மிச்சம் பன்னிரண்டரை அடி.

பின்பக்க ஷெட்டில் சங்ககிரி கந்தப்பனின் வண்டி நின்றுகொண்டிருந்தது. பொரி மூட்டை ஏற்றுவதற்கென்றே கேட்டு வாங்கிய மூடின பாடி. உயரம் பதின்மூன்று அடி.

குழாயை அளந்து கொடுத்தது நான். தகட்டை அளந்து கொடுத்தது நான். எனக்குக் கணக்கு தெரியாதா? முதல் நாளே தெரியும். ஆனால் நான் மூன்றாம் நபர்.

இன்னொருத்திக்கும் தெரிந்திருந்தது. வித்யா. தம்மம்பட்டிப் பெண், டிப்ளமோ படித்தவள், ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் ஆறு மாதத் தற்காலிக வேலை. டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டே சாப்பிடுவாள். ஆறு மாதம் முடிந்து நிரந்தர ஆர்டர் வந்தால் வேலை, வராவிட்டால் ஊருக்கு வந்து அப்பா பார்த்து வைத்திருக்கும் உரக்கடை மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டுவது என்று வீட்டில் ஒப்பந்தம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை இரண்டு தரம் வந்து டீ குடித்துவிட்டுப் போயிருந்தார். ஆர்டருக்கு இன்னும் மூன்று வாரம். வண்டி டெலிவரிக்கும் மூன்று வாரம்.

ஸ்டோர்ஸ் பின்கதவு வழியாக வந்தாள். "அக்கா, வண்டி பதிமூணு அடி இருக்கு. போர்டுக்குக் கீழ பன்னெண்டரைதான். மூணு தடவை அளந்துட்டேன். என்னக்கா பண்றது?"

"படிவம் எழுதிக் குடு சாமி" என்று ஒன்றை எடுத்து நீட்டினேன். ஐந்நூறு அச்சடித்து வந்திருந்தது. படிவம் பெற்றுக்கொண்டாள் என்று கையொப்பமும் வாங்கினேன். அதெல்லாம் சரியாகச் செய்தேன்.

அவள் நாச்சிமுத்துவிடம் போனாள். "என்ற வளைவு பதினாலடி அம்மணி. வேணும்னா அளந்து பாரு. போர்டைத் தொங்க உட்டவங்களக் கேளு."

சமியுல்லாவிடம் போனாள். "ஒன்றரை அடின்னாங்க, ஒன்றரை அடி எழுதியிருக்கேன்மா. எழுத்துல குத்தம் இருந்தாச் சொல்லு. கம்பியத் தாழ்த்தி வச்சவங்களக் கேளு."

கூட்டுக் கையொப்பத்துக்கு ஒரே மேஜையில் உட்கார வேண்டும். என் மேஜைக்கு நீ வா என்று சொல்லவே இருவரும் பேசியாக வேண்டும். ஆகவே கையொப்பம் இல்லாமல் சிவக்குமாரிடம் போனாள். நான் அப்போது மாதாந்திரப் பட்டியலோடு அங்கேதான் நின்றிருந்தேன்.

அவர் படிவத்தை இரண்டு தடவை படித்தார். "இதுல பயம் தெரியுதேம்மா."

"எங்க சார்?"

"'வண்டி இடிக்கும்'னு எழுதியிருக்கீங்க. பயம் இல்லாதவங்க அப்படி எழுதுவாங்களா? 'வண்டி தாராளமாகச் செல்ல வாய்ப்புள்ளது'ன்னு எழுதுங்க. கீழ வேணும்னா அளவு போட்டுக்கலாம்."

"அளவு போட்டா இடிக்கும்னு தெரிஞ்சிரும் சார்."

"அப்ப அளவு வேண்டாம்."

அவள் மாற்றி எழுத மாட்டேன் என்றுவிட்டாள். 'கூட்டுக் கையொப்பம் இன்மையால் திருப்பி அனுப்பப்படுகிறது' என்று முத்திரை குத்தி அவள் கையிலேயே கொடுத்தார். என்னைப் பார்த்தாள். நான் பட்டியலைப் பார்த்தேன்.

அந்த மூன்று வாரமும் வெளியே போனதெல்லாம் திறந்த பாடி, தாழ்ந்த வண்டிகள். வளைவைக் கும்பிடாத குறையாகக் கடந்து போயின.

டெலிவரி நாள் வந்தது. கந்தப்பன் மாலையும் பூசணிக்காயும் எலுமிச்சம்பழமுமாகக் குடும்பத்தோடு வந்துவிட்டார். நல்ல நேரம் ஒன்பதேகாலிலிருந்து பத்தேகால் வரைக்கும். ஆரத்தி எடுத்து, பூசணிக்காய் உடைத்து, சக்கரத்துக்கு ஒன்றாகப் பழம் வைத்தாயிற்று. வித்யா வண்டிக்கு முன்னால் போய் நின்று, "அண்ணா, எடுக்காதீங்க, மேல இடிக்கும்" என்றாள். சிவக்குமார் அவளை ஓரமாக நகர்த்தி, வாடிக்கையாளர் முன்னிலையில் படிவமில்லாமல் பேசுவது விதிமீறல் என்று மெதுவாகச் சொன்னார். கந்தப்பன் முருகா என்று ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டார். பழம் நசுங்கியது. கேபின் வளைவுக்கு வெளியே போனது. பாடி, 'பயமின்றி' என்ற இடத்தில் போய்க் குத்தி நின்றது.

நாச்சிமுத்து கம்பெனிக்கு உள்ளே நின்றிருந்தார். வண்டி வந்ததும் பம்பரைத் துடைக்கக் காத்திருந்த சமியுல்லா வெளியே நின்றிருந்தார். அந்த நேரம் பார்த்து முதலாளியின் கார் வந்தது. உள்ளே வர வழியில்லை. பக்கத்தில் ஆள் நுழைகிற சின்னக் கேட் ஒன்று உண்டு, அதில் குனிந்து வந்தார்.

"பின்னால எடுங்க" என்றார்.

கந்தப்பன் இறங்கியேவிட்டார். "பழத்தை நசுக்கிப்போட்டுப் புது வண்டியப் பின்னால எடுக்கறதுங்களா? அப்பறம் நான் எங்கூட்டுக்குப் போகவாண்டாமுங்களா?"

டயரில் காற்றை இறக்கினார்கள். மூன்று விரற்கடை கிடைத்தது, இன்னும் மூன்று விரற்கடை வேண்டும். நேரம் பத்து. சிவக்குமார் இதை ஒரு வாய்ப்பாகப் பார்க்க வேண்டும் என்றார். கந்தப்பன் அவரைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

பலகையைக் கழற்றுவதுதான் வழி. நாலு போல்ட். ஒவ்வொன்றுக்கும் தலை உள்பக்கம், நட்டு வெளிப்பக்கம். உள்ளே ஒருவர் ஏணியில் நின்று பிடித்துக்கொள்ள, வெளியே ஒருவர் சுற்ற வேண்டும். பிடி, விடு என்று சொல்லிக்கொள்ள வேண்டும். உள்ளே நாச்சிமுத்து ஏறினார், வெளியே சமியுல்லா ஏறினார். மூன்று நிமிஷம் இருவரும் ஒரே போல்ட்டை ஒரே திசையில் சுற்றினார்கள், போல்ட் நட்டோடு சேர்ந்து சுற்றியது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

முதலாளி என்னைத் தேடினார். "சௌந்திரம்மா, நீங்க கொஞ்சம் சொல்லுங்க."

"நான் மூன்றாம் நபருங்க. சர்க்குலர் இருக்குதுங்க."

"அதை இப்போதைக்கு நிறுத்தி வைக்கறேன்."

"நிறுத்தி வைக்கணும்னா கூட்டுக் கையொப்பம் வேணும் மாமா" என்றார் சிவக்குமார்.

முதலாளி மாப்பிள்ளையிடம் என்ன சொன்னார் என்பதை நான் எழுத மாட்டேன். அது ஒன்றுதான் அந்த வருஷம் எங்கள் கம்பெனியில் பயமின்றிப் பேசப்பட்டது.

நான் சின்னக் கேட்டின் நிலையில் போய் நின்றேன். உள்ளேயும் தெரியும், வெளியேயும் தெரியும்.

"கெட்டியாப் புடிக்கச் சொல்லுங்கக்கா" என்றார் சமியுல்லா.

இந்தப் பக்கம் திருப்பினேன். "கெட்டியாப் புடிக்கோணுமாம்."

"புடிச்சாச்சுன்னு சொல்லுங்க."

அந்தப் பக்கம். "புடிச்சாச்சாம்."

நாலு போல்ட்டுக்கு நாலு நிமிஷம். பலகை இறங்கியது. காற்றைப் பக்கத்துக் கடையில் பிடித்துக்கொள்கிறேன் என்று பத்து பதிமூன்றுக்குக் கந்தப்பன் ஹாரன் அடித்துக்கொண்டு போய்விட்டார். எனக்குக் கழுத்து வலித்தது, ரொம்ப நாளைக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தது. இனி ஜன்னலைத் திறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன், அப்பாவி.

மறுநாள் அறிக்கை வந்தது. துறைகளுக்கிடையேயான ஒத்துழைப்புத் திட்டம் மாபெரும் வெற்றி பெற்றதாகவும், வெல்டிங்கும் பெயிண்டும் ஒரே பலகையில் ஒரே நேரத்தில் பணியாற்றியதற்குப் புகைப்படச் சான்று உள்ளதாகவும் அது சொன்னது. என்னைப் பற்றி அதில் இல்லை. கூடவே ஒரு விசாரணை: வளைவு தாழ்வாக இருந்தது முன்னதாக யாருக்கெல்லாம் தெரியும்? தெரிந்தவர்கள் பயமின்றி எழுதித் தரலாம்.

எண்பத்து நாலு பேர் எழுதிக் கொடுத்தோம், எனக்குத் தெரியாது என்று. ஆமாம், நானும்தான். வித்யா மட்டும் தெரியும் என்று எழுதி, முத்திரை குத்தின படிவத்தையும் சேர்த்துக் கொடுத்தாள்.

சிவக்குமார் தர்க்கப்படிதான் நடந்தார், அவரைக் குறை சொல்ல முடியாது. எண்பத்து நாலு பேருக்குத் தெரியாது, தெரியாதவர்கள் சொல்லியிருக்க முடியாது, ஆகவே நிரபராதிகள். ஒருத்திக்குத் தெரியும். திருப்பி அனுப்பப்பட்ட படிவம் அளிக்கப்படாத படிவம். ஆகவே தெரிந்தும் சொல்லாமல் இருந்த ஒரே ஊழியர் அவள்தான். 'பயமின்றிப் பேசும் பண்பாட்டுக்கு ஒவ்வாதவர்' என்று எழுதி, நிரந்தர ஆர்டர் மறுக்கப்பட்டது.

அவள் கடைசி நாளன்று புது வளைவு எழும்பிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை தாராளமாக இருபது அடி, பலகை மேலே. கனமான குழாய். காலைத் தரையோடு முடுக்க, ஒரு காலுக்கு நாலு வீதம் எட்டு போல்ட் கேட்டு வெல்டிங்கிலிருந்து சீட்டு வந்தது. வண்டி இடித்த பிறகு வந்த புதுச் சுற்றறிக்கைப்படி, நாலுக்கு மேல் எது கொடுத்தாலும் கூட்டுக் கையொப்பம் வேண்டும். நாலு கொடுத்தேன். காலுக்கு இரண்டாக முடுக்கி நிறுத்திவிட்டார்கள்.

வித்யா டேப்பை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் பையோடு கேட் வரைக்கும் போனாள். வளைவின் காலருகே நின்று குனிந்து பார்த்தாள். மத்தியான ஷிஃப்ட் மாறுகிற நேரம், எல்லோரும் அங்கேதான் இருந்தோம்.

"எட்டு போல்ட்டு வேணும், நாலுதான் இருக்கு" என்று உரக்கவே சொன்னாள். "பெரிய காத்தடிச்சா சாஞ்சிரும்."

"வெளியாட்கள் கருத்துச் சொல்ல அனுமதி இல்லைங்க" என்றார் சிவக்குமார்.

"அப்ப வாரேன் அக்கா" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். ஆவணியில் கல்யாணப் பத்திரிகை வந்தது. மாப்பிள்ளை நல்ல மாதிரியாம்.

மிச்சம் நாலு போல்ட்டும் என் மேஜைமேல்தான் இருக்கின்றன. அச்சமின்மைப் படிவங்கள் பறக்காமல் இருக்க அவற்றைத்தான் மேலே வைத்திருக்கிறேன். ஒரு சொல் சொல்லலாம். யாரிடம் சொல்வது, எந்தப் பக்கம் கழுத்தைத் திருப்புவது? எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. வெட்கப்படுவதற்குப் படிவம் இல்லை.

வித்யா போன மறுநாள் காலையில் நான் மெயின் கேட் வழியாகப் போகாமல், குனிந்து சின்னக் கேட் வழியாக உள்ளே போனேன். எனக்கு முன்னால் நாச்சிமுத்து குனிந்து போய்க்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் சமியுல்லா. அன்றிலிருந்து எண்பத்து நாலு பேரும் அப்படித்தான் போய்வருகிறோம். யாரும் யாரையும் ஏன் என்று கேட்கவில்லை. சிவக்குமாரும் அப்படித்தான் வருகிறார்.

எல்லாத் துறையும் ஒரே வழியில் வருவதைப் பார்த்து முதலாளிக்கு மனம் நிறைந்துவிட்டது, அடுத்த முகாமில் இதைப் பற்றிப் பேசப் போகிறாராம். அவருடைய கார் மட்டும் தினமும் ஒன்பது மணிக்கு வளைவுக்குக் கீழே வந்து, மணியன் வந்து கேட்டைத் திறக்கும்வரை நிற்கிறது. மணியன் முன்னைப்போல ஓடி வருவதில்லை.